ஆய்வக ஃப்ரீசரில் இருக்கும் சின்னக் குப்பிக்குப் பின்னால் ஒரு மனிதர்: யார் இந்த சேசர் மில்ஸ்டீன்?

உயிரியல் ஆய்வகம் எதற்குள் போனாலும் ஒரு ஃப்ரீசர் இருக்கும். திறந்து பார்த்தால் விரல் நுனி அளவு பிளாஸ்டிக் குப்பிகள் வரிசையாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் சில சொட்டுத் திரவம்தான். ஆனால், ஒரு குப்பியின் விலை பல ஆயிரம் ரூபாய். ஆராய்ச்சி மாணவர்கள் அதைத் தங்கம் மாதிரி பார்த்துப் பார்த்துச் செலவு பண்ணுவார்கள். அந்தத் திரவத்தில் இருப்பது ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்பொருள்.

நோய்க்கிருமி வந்தால் நம்ம உடம்பு தயாரிக்கும் அதே ஆன்டிபாடிதான். ஆய்வகத்தில் அதுக்கு வேலை வேறு. உதாரணத்துக்கு, ஆல்டிஹைடு டிஹைட்ரோஜினேஸ் என்று ஒரு நொதி. மது குடித்தால் உடம்பில் உருவாகும் அசெட்டால்டிஹைடு என்ற நச்சுப்பொருளைக் கல்லீரலில் உடைத்துப்போடுவது இதன் வேலைகளில் ஒன்று. ஒருவரின் திசுவில் இந்த நொதி இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு செல்லுக்குள் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் கலந்து கிடக்கின்றன. எல்லாமே கண்ணுக்குத் தெரியாதவை.

இங்கேதான் அந்தக் குப்பி வருகிறது. செல்களை உடைத்து, புரதங்களை ஒரு ஜெல்லில் ஓட்டி அளவு வாரியாகப் பிரிக்கிறார்கள். பிறகு தாள் மாதிரி மெல்லிய சவ்வு ஒன்றுக்கு அவற்றை மாற்றுகிறார்கள். அதன் மேல் அந்த நொதிக்கென்றே உள்ள ஆன்டிபாடியை ஊற்றினால், கூட்டத்தில் தன் ஆளைத் தேடிப்பிடிக்கிற மாதிரி அது நேராகப் போய் ஒட்டிக்கொள்ளும். அதன் மேல் ஒளி தரும் இன்னொரு ஆன்டிபாடி. கடைசியில் படத்தில் ஒரு கறுப்புக் கோடு விழும். கோடு விழுந்தால் நொதி இருக்கிறது என்று அர்த்தம்.

இப்படி ஒரே ஒரு இலக்கை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை, தீர்ந்துபோகாமல், ஒரே தரத்தில் தயாரிக்க வழி காட்டியவர்களில் ஒருவர் சேசர் மில்ஸ்டீன். சுவாரஸ்யம் என்னவென்றால், அவர் வாழ்க்கையை ஆரம்பித்ததே ஆன்டிபாடியில் இல்லை. இப்போது சொன்ன அதே ஆல்டிஹைடு டிஹைட்ரோஜினேஸ் நொதியில்தான்.

பாம்பு விஷக் கதை

அர்ஜென்டினாவின் பாஹியா பிளாங்கா என்ற துறைமுக நகரத்தில் 1927 அக்டோபர் 8 அன்று பிறந்தார். புலம்பெயர்ந்து வந்த யூதக் குடும்பம். அப்பா பதினைந்து வயதிலேயே தனியாகப் பிழைக்க வேண்டிய நிலைக்கு வந்தவர். அம்மா ஆசிரியை. மூன்று பையன்களில் சேசர் நடுப்பிள்ளை. வசதியான வீடு இல்லை. ஆனால், மூன்று பேரும் பல்கலைக்கழகம் போயே ஆகணும் என்பதில் பெற்றோர் பிடிவாதமாக இருந்தார்கள்.

சின்ன வயதில் உறவுக்காரப் பெண் ஒருவர் வீட்டுக்கு வந்தார். ப்யூனஸ் ஐரிஸில் மல்பிரான் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பாம்பிடமிருந்து விஷம் எடுத்து, அதை வைத்து விஷமுறிவு மருந்து தயாரிப்பது எப்படி என்று அவர் சொன்ன கதை பையன் மனதில் ஒட்டிக்கொண்டது. விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தி, குதிரையின் ரத்தத்தில் உருவாகும் ஆன்டிபாடியைப் பிரித்தெடுக்கும் முறை அது. இன்றைக்கும் நம்ம ஊர் அரசு மருத்துவமனைகளில் பாம்புக்கடிக்குப் போடும் ஊசி இதே முறையில் தயாராவதுதான். மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர் பாம்புகளிடமிருந்து எடுக்கும் விஷம் போய்ச் சேருவதும் இந்த மருந்துக்குத்தான்.

ப்யூனஸ் ஐரிஸ் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தார். பிரமாதமான மாணவர் எல்லாம் இல்லை. அதை அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார். மாணவர் சங்கம், அரசியல் என்று அலைந்ததுதான் அதிகம். அந்த அலைச்சலில்தான் செலியாவைச் சந்தித்தார். இருவருக்கும் கல்யாணம் ஆனது. கையில் காசில்லாமல் ஒரு வருஷம் தேனிலவு! வழியில் போகிற வண்டிகளில் லிஃப்ட் கேட்டே ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளைச் சுற்றினார்கள். நடுவில் இரண்டு மாதம் இஸ்ரேலின் கிப்புட்ஸ் பண்ணைகளில் வேலையும் பார்த்தார்கள்.

திரும்பி வந்து பேராசிரியர் ஸ்டோப்பானியிடம் முனைவர் பட்ட ஆய்வு. தலைப்பு, ஆல்டிஹைடு டிஹைட்ரோஜினேஸ் எவ்வளவு வேகத்தில், எப்படி வேலை செய்கிறது என்பது. உதவித்தொகை கிடையாது. கணவன், மனைவி இருவரும் மருத்துவப் பரிசோதனைக் கூடத்தில் பகுதிநேரமாக ரத்தம், சிறுநீர் பரிசோதனை பண்ணித்தான் வாடகையும் சாப்பாடும் ஓடியது. 1957-ல் ஆய்வு முடிந்தது.

அடுத்து பிரிட்டிஷ் கவுன்சில் உதவித்தொகையில் கேம்பிரிட்ஜ். அங்கே மால்கம் டிக்சனிடம் இன்னொரு நொதி, பாஸ்போகுளுக்கோமியூடேஸ். உடம்பு சர்க்கரையைப் பயன்படுத்தும் பாதையில் வரும் நொதி இது. இந்த வேலையில்தான் பிரெடரிக் சாங்கரின் பழக்கம் ஏற்பட்டது. இன்சுலினின் அமைப்பைக் கண்டுபிடித்து 1958-ல் நோபல் வாங்கிய அதே சாங்கர்.

சொந்த ஊர் கைவிட்டது

மில்ஸ்டீன் கேம்பிரிட்ஜிலேயே தங்கியிருக்கலாம். ஆனால், 1961-ல் அர்ஜென்டினாவுக்குத் திரும்பினார். சின்ன வயதில் கதையாகக் கேட்ட அதே மல்பிரான் நிறுவனத்தில், மூலக்கூறு உயிரியலுக்கென்று புதிதாக ஒரு துறையைத் தொடங்கும் பொறுப்பு. ஊருக்கு ஏதாவது செய்யணும் என்று வெளிநாட்டிலிருந்து திரும்பி வரும் எல்லா இளைஞர்களுக்கும் இருக்கிற அதே ஆசைதான்.

இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை. 1962 மார்ச்சில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. தாராளச் சிந்தனையுள்ள அறிவியலாளர்கள் மீது வேட்டை ஆரம்பித்தது. நிறுவனத்தின் இயக்குநர் பிரோஸ்கி பந்தாடப்பட்டார். மில்ஸ்டீனின் துறையிலும் ஆட்கள் நீக்கப்பட்டார்கள். அவர் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டு, 1963-ல் கேம்பிரிட்ஜுக்கே போய்ச் சேர்ந்தார். அர்ஜென்டினா இழந்தது எதை என்று அன்றைக்கு அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது.

கேம்பிரிட்ஜில் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் மூலக்கூறு உயிரியல் ஆய்வகம் புதிதாகத் தொடங்கப்பட்டிருந்தது. அங்கே சாங்கர் ஒரு யோசனை சொன்னார்: நொதியை விட்டுவிட்டு ஆன்டிபாடிக்கு மாறு. முப்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒருவர் துறையை மாற்றுவது சாதாரண முடிவு இல்லை. மில்ஸ்டீன் மாறினார்.

கல்யாண வீட்டில் ஒரு குரல்

அப்போது அவரைப் பிடித்து ஆட்டிய கேள்வி வேறு. உலகத்தில் இதுவரை இல்லாத ஒரு வேதிப்பொருளை உடம்புக்குள் செலுத்தினாலும் அதுக்கும் பொருந்துகிற ஆன்டிபாடி உருவாகிவிடுகிறது. எண்ணிவிடக்கூடிய மரபணுக்களை வைத்துக்கொண்டு இத்தனை கோடி விதங்களை உடம்பு எப்படி உண்டாக்குகிறது? மரபணுவில் சின்னச் சின்ன மாற்றங்கள் வருகின்றனவா?

இதை ஆராய ஒரே வகை ஆன்டிபாடி வேண்டும். அதுதான் கிடைக்காது. ஒரு முயலுக்கோ எலிக்கோ ஒரு நொதியை ஊசியாகப் போட்டால், அதன் ரத்தத்தில் உருவாவது ஒரு ஆன்டிபாடி இல்லை. நூற்றுக்கணக்கான வகைகளின் கலவை. ஒன்று நொதியின் தலையைப் பிடிக்கும், இன்னொன்று வாலைப் பிடிக்கும், வேறொன்று பக்கத்தில் நிற்கும் வேறு புரதத்தையும் சேர்த்துப் பிடிக்கும். கல்யாண வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும்போது ஒருத்தர் குரலை மட்டும் பதிவு பண்ண முயற்சி பண்ணுவது மாதிரி. போதாக்குறைக்கு, அந்த முயல் செத்துவிட்டால் கதை முடிந்தது. அடுத்த முயலின் ரத்தம் அதே மாதிரி இருக்காது.

ஒவ்வொரு ஆன்டிபாடி வகையையும் தயாரிப்பது பி செல் எனப்படும் வெள்ளை அணு. ஒரு பி செல்லுக்கு ஒரே வகைதான் தெரியும். அப்படியானால் ஒரே ஒரு பி செல்லைத் தனியாக எடுத்து வளர்த்தால் போதுமே? வளராது. தட்டில் போட்ட சில நாட்களிலேயே செத்துப்போகும். மறுபக்கம், மைலோமா என்ற புற்றுநோய் செல் இருக்கிறது. அதுவும் பி செல் வழி வந்ததுதான். சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும். ஆனால், நாம் கேட்கும் ஆன்டிபாடியை அது தயாரிக்காது.

1973-ல் மில்ஸ்டீன் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஓர் உரை நிகழ்த்தினார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஜார்ஜஸ் கோலர் என்ற ஜெர்மானிய இளைஞரும் ஒருவர். அவர் அங்கே ஆராய்ந்துகொண்டிருந்ததும் ஒரு நொதிக்கு எதிராக எலி தயாரிக்கும் ஆன்டிபாடிகளைத்தான். அடுத்த வருஷமே கேம்பிரிட்ஜுக்கு வந்து மில்ஸ்டீனுடன் சேர்ந்துகொண்டார்.

இருவரும் யோசித்தது இதுதான்: சாகும் செல்லையும் சாகாத செல்லையும் ஒட்டிவிட்டால் என்ன? ஆட்டு ரத்தச் சிவப்பணுக்களை எலிக்குச் செலுத்தி, அதன் மண்ணீரலிலிருந்து பி செல்களை எடுத்தார்கள். செண்டாய் என்ற வைரஸின் உதவியோடு அவற்றை மைலோமா செல்களோடு ஒட்டவைத்தார்கள்.

ஒட்டியது எது, ஒட்டாதது எது என்று எப்படிப் பிரிப்பது? நொதி படித்தவருக்கு ஏற்ற பதில் இங்கே இருந்தது. செல்லுக்கு டிஎன்ஏ தயாரிக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, எல்லாவற்றையும் புதிதாகச் செய்வது. இன்னொன்று, பழைய துண்டுகளை மறுபடி பயன்படுத்துவது. அமினோப்டெரின் என்ற மருந்தைப் போட்டால் முதல் வழி அடைபடும். இரண்டாவது வழிக்கு எச்ஜிபிஆர்டி என்ற வளர்சிதை மாற்ற நொதி தேவை. இந்த நொதியே இல்லாத மைலோமா செல்களைத்தான் இவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆக, ஒட்டாத மைலோமா செல்லுக்கு இரண்டு வழியும் அடைப்பு, சாகும். ஒட்டாத பி செல் எப்படியும் தானாகவே சாகும். பி செல்லிடமிருந்து நொதியையும் மைலோமாவிடமிருந்து சாகாவரத்தையும் வாங்கிய கலப்பினம் மட்டும் பிழைக்கும். அதுக்குப் பிற்பாடு வந்த பெயர் ஹைப்ரிடோமா.

சந்தடி சாக்கில் ஒரு விஷயம். அந்த அமினோப்டெரினை 1940-களில் அமெரிக்காவின் லெடர்லி நிறுவனத்தில் உருவாக்கிய குழுவுக்குத் தலைமை வகித்தவர் ஏலப்பிரகட சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அவர் பெயரும் நம்மில் பலருக்குத் தெரியாது.

1975-ன் தொடக்கத்தில் ஒரு மாலை. சோதனைத் தட்டுகளைப் பார்க்க கோலர் அடித்தள அறைக்கு இறங்கினார். எதுவும் இருக்காது, போரடிக்கும் என்று துணைக்கு மனைவியையும் அழைத்துக்கொண்டு போனார். செல்கள் சரியான ஆன்டிபாடியைச் சுரந்தால், சுற்றியிருக்கும் ஆட்டுச் சிவப்பணுக்கள் உடைந்து வட்டமாக ஒரு வெளிச்சம் தெரியும். குனிந்து பார்த்தார். தட்டு முழுக்க வட்டங்கள். அவர் சத்தம் போட்டு, மனைவிக்கு முத்தம் கொடுத்தார்.

பேடன்ட் கதை: முழு உண்மை என்ன?

1975 ஆகஸ்ட் 7 தேதியிட்ட நேச்சர் இதழில் கட்டுரை வெளிவந்தது. மொத்தம் மூன்றே பக்கம். மருத்துவத்துக்கும் தொழில்துறைக்கும் இது பயன்படலாம் என்று கடைசி வரியில் அடக்கமாக ஒரு குறிப்பு. அவ்வளவுதான்.

மில்ஸ்டீன் காப்புரிமையே வேண்டாம் என்று உதறித்தள்ளிய மகான் என்று எளிதாகச் சொல்லிவிடுவது உண்டு. நடந்தது அது இல்லை. கட்டுரை அச்சாவதற்கு முன்பே, இதில் காப்புரிமைக்கு வாய்ப்பு இருக்கலாம் என்று அவர் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலுக்குத் தகவல் கொடுத்தார். அவர்கள் அதை தேசிய ஆராய்ச்சி வளர்ச்சிக் கழகம் என்ற அரசு அமைப்புக்குத் தள்ளிவிட்டார்கள். கோப்பு நகரவில்லை. 1976-ல் வந்த பதிலின் சாரம், இதுக்கு உடனடி நடைமுறைப் பயன் எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை என்பது. அதுக்குள் கட்டுரை வெளியாகி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. பிரிட்டனில் ஒருமுறை வெளியிட்ட பிறகு காப்புரிமை கேட்க முடியாது. அரசு அலுவலகத்தில் கோப்பு தூங்குவது நம்ம ஊருக்கு மட்டும் சொந்தம் இல்லை போலிருக்கிறது.

இதுக்கிடையே கேட்ட ஆய்வகங்களுக்கெல்லாம் மில்ஸ்டீன் தன் மைலோமா செல்களை இலவசமாக அனுப்பிக்கொண்டிருந்தார். பெற்றுக்கொண்டவர்களில் அமெரிக்காவின் விஸ்டார் நிறுவனத்தைச் சேர்ந்த ஹிலாரி கொப்ரோவ்ஸ்கியும் ஒருவர். அந்த செல்களை வைத்தே வைரஸுக்கும் புற்றுநோய்க் கட்டிக்கும் எதிரான ஆன்டிபாடிகளைத் தயாரித்து, 1979, 1980-ல் அவருடைய குழு அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது. அதன் அடிப்படையில் கம்பெனியும் தொடங்கினார்கள். பிரிட்டனில் பெரிய சலசலப்பு. வேதியியல் படித்தவரான பிரதமர் மார்கரெட் தாட்சரே கொதித்துப்போனார். நம் வரிப்பணத்தில் கண்டுபிடித்ததை அடுத்தவன் விற்கிறானே என்ற கோபம். நியாயமான கோபம்தான். ஆனால், இன்னொரு பக்கமும் இருக்கிறது. பூட்டு இல்லாமல் வெளியே போனதால்தான் சில வருஷங்களுக்குள் உலகம் முழுக்க ஆய்வகங்கள் இந்த முறையைக் கையில் எடுத்தன. இந்த இரண்டில் எது பெரிய கணக்கு என்பது இன்றுவரை தீராத விவாதம்.

நடுவில் ஒரு சோதனைக்காலமும் வந்தது. கோலர் போன பிறகு கேம்பிரிட்ஜ் ஆய்வகத்திலேயே செல்களை ஒட்டும் வேலை மாதக்கணக்கில் சொதப்பியது. கண்டுபிடித்த இடத்திலேயே திரும்பச் செய்ய முடியவில்லை என்றால் உலகம் என்ன நினைக்கும்? புதிதாக வந்த இத்தாலியர் கியோவானி கால்ஃப்ரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சோதித்தார். கலப்பினங்களைப் பிரிக்கப் பயன்படுத்திய கரைசலே கெட்டுப்போய் செல்களைக் கொன்றுகொண்டிருந்தது. குப்பியை மாற்றினார்கள், வேலை நடந்தது.

அதன் பிறகுதான் மில்ஸ்டீன் தன் கண்டுபிடிப்புக்குத் தானே விற்பனைப் பிரதிநிதி மாதிரி ஆனார். காசுக்காக இல்லை, நம்பவைப்பதுக்காக. துறை துறையாக ஆள் பிடித்தார். ஆக்ஸ்ஃபோர்டின் ஆலன் வில்லியம்ஸோடு சேர்ந்து 1977-ல் எலியின் வெள்ளை அணுக்களை வகை பிரித்தார்கள். இன்றைக்கு எச்ஐவி நோயாளியின் ரிப்போர்ட்டில் வரும் சிடி4 எண்ணிக்கையின் வேர் அந்த வேலையில் இருக்கிறது. நரம்பியலாளர் கிளாடியோ குவெல்லோவோடு மூளை, தண்டுவடத்தில் வலியைக் கடத்தும் பொருளைத் தேடினார்கள். ரத்தப் பிரிவைக் கண்டறிய மனித ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை நம்பியிருந்த நிலையும் மாறியது. ஏ, பி பிரிவுகளுக்கு ஆய்வகத்தில் வளர்த்த ஆன்டிபாடிகள் வந்தன. ரத்த தான முகாமில் உங்கள் விரலில் ஊசி குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தோடு நீலம், மஞ்சள் திரவங்களைக் கலக்கிறார்களே, அதில் இருப்பது பெரும்பாலும் இந்த வகைதான். கடையில் வாங்கும் கர்ப்பப் பரிசோதனை அட்டையில் கோடு விழ வைப்பதும் இதே தொழில்நுட்பம்தான்.

மருந்தாகவும் வந்தது. 1986-ல் உறுப்பு மாற்று நோயாளிகளுக்கு முதல் மோனோகுளோனல் ஆன்டிபாடி மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. எலி ஆன்டிபாடியை மனித உடம்பு வெளிப்பொருளாகப் பார்த்து எதிர்த்ததால், அதை மனித ஆன்டிபாடி மாதிரி மாற்றும் வேலையை அதே கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில் கிரெக் விண்டர் செய்தார். இந்த முறை கவுன்சில் தூங்கவில்லை, காப்புரிமை வாங்கியது. மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் டிராஸ்டுசுமாப் உட்பட பெயர் 'மாப்' என்று முடியும் மருந்துகள் எல்லாம் இந்தக் குடும்பம்தான்.

கடைசியில் மறுபடி ஒரு நொதி

1984-ல் மில்ஸ்டீன், கோலர், பாசல் நிறுவனத்தின் முன்னாள் இயக்குநர் நீல்ஸ் ஜெர்னே மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அர்ஜென்டினா அவரை எங்கள் பிள்ளை என்று கொண்டாடியது. அவரும் பழசை மனதில் வைத்துக்கொள்ளாமல், லத்தீன் அமெரிக்க நாடுகளின் இளம் ஆராய்ச்சியாளர்களுக்குத் தொடர்ந்து உதவினார். கோலர் 1995-ல், 48 வயதிலேயே காலமானார். மில்ஸ்டீனுக்கும் இதயப் பிரச்சினை பல காலமாக இருந்தது.

குப்பியின் கதைக்கும் ஒரு சோகம் உண்டு. இன்று சந்தையில் விற்கும் ஆய்வக ஆன்டிபாடிகள் எல்லாமே லேபிளில் போட்டிருப்பதை மட்டும்தான் பிடிக்கும் என்று நம்ப முடியாது. சில, தவறான புரதத்தில் போய் ஒட்டுகின்றன. அதை நம்பி எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரைகளும் தப்பாகிவிடுகின்றன. அதனால் கவனமுள்ள ஆய்வகங்கள், குறிப்பிட்ட நொதியின் மரபணுவையே நீக்கிய செல்லில் முதலில் சோதித்துப் பார்க்கின்றன. நொதியே இல்லாத இடத்திலும் கோடு விழுந்தால் குப்பி நேராகக் குப்பைக்கு.

மில்ஸ்டீன் 1995-ல் ஓய்வு பெற்றார். அது பேப்பரில் மட்டும். ஆய்வகத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. ஆன்டிபாடி மரபணுவில் மாற்றங்கள் எப்படி வருகின்றன என்ற அந்தப் பழைய கேள்வியையும் விடவில்லை. உலகையே மாற்றிய ஹைப்ரிடோமா அவரைப் பொறுத்தவரை அந்தக் கேள்விக்காகச் செய்துகொண்ட ஒரு கருவி, அவ்வளவுதான். 1999-ல் ஜப்பானில் டசுகு ஹொஞ்சோவின் குழு, பி செல்களில் ஏஐடி என்ற ஒன்றைக் கண்டுபிடித்தது. ஆன்டிபாடி மரபணுவில் மாற்றத்தைத் தொடங்கிவைப்பது அதுதான் என்று தெரியவந்தது. அது ஒரு நொதி. மில்ஸ்டீன் அதன் பின்னால் போனார். செல்லுக்குள் அது எங்கே இருக்கிறது என்று தேடிய ஆய்வுக் கட்டுரை ஒன்று 2002 மே மாதம் அமெரிக்க தேசிய அறிவியல் கழகத்தின் இதழில் வெளிவந்தது. எழுதியவர்களில் கடைசிப் பெயர் மில்ஸ்டீன். மார்ச் 24 அன்றே, 74 வயதில், அவர் கேம்பிரிட்ஜில் இறந்துபோயிருந்தார்.